வாடைக்கும் கச்சானுக்கும் நடுவில்

மார்ச் பிறந்தால் எங்கள் வட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி தானாக வந்து விழும்: "ஏப்ரல் லீவுக்கு நுவரெலியா போவமா?" ஒருவன் கிரகரி வாவிப் படம் ஒன்றைப் போடுவான். ஒருத்தி விக்டோரியா பூங்காவின் பூக்களைப் போடுவாள். பிறகு எங்கள் கணக்குக்காரன் வான் வாடகை, ரூம், சாப்பாடு எல்லாவற்றையும் கூட்டி ஐந்தால் பிரித்து எழுதுவான். அதோடு குழு இரண்டு நாளைக்கு மௌனம். நாலு வருடமாக நாங்கள் இப்படித்தான் நுவரெலியா போய் வருகிறோம்.

இந்த முறை அந்த மௌனத்தை உடைத்தது எங்களில் ஒருத்தியின் அப்பாயி. மலையகத்தில் தோட்டத்தில் பிறந்து, கொழுந்து பறித்து, 77 கலவரத்தோடு குடும்பமாக திருகோணமலைப் பக்கம் வந்து சேர்ந்தவர். இத்தனை வருடம் இந்தக் கடற்காற்றில் இருந்தும் அவருடைய பேச்சு மலையை விட்டு இறங்கவில்லை. நாங்கள் அவருடைய திண்ணையில் இருந்து நுவரெலியா வசந்தம் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். கேட்டுக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

"சீசன்னா நமக்கு என்னா? ஏப்ரல்ல மழை வுழுந்துச்சுன்னா கொழுந்து தள்ளும். கூடை ரொம்பிப் போயிரும். பூவு எங்க பாத்தோம், பெரட்டுக்கு ஓடுறதுக்கே நேரம் பத்தாது."

எங்களுக்குக் கொஞ்சம் வெட்கமாகப் போய்விட்டது. கிரகரி வாவி 1873இல், ஆளுநர் வில்லியம் கிரகரியின் காலத்தில் உருவாக்கப்பட்டது என்று எங்களுக்குத் தெரியும். கீழ்நாட்டு வெக்கை தாங்காத வெள்ளைக்காரர், 1,868 மீட்டர் உயரத்தில் தங்கள் ஊரைப் போல ஒரு ஊரைச் செய்துகொண்டார்கள். குதிரைப் பந்தயமும் பூக்கண்காட்சியுமாக அந்த ஏப்ரல் இன்றைக்கும் ஓடுகிறது. அந்த வசந்தத்தை யாருடைய கை நட்டு, யாருடைய முதுகு சுமந்தது என்பதை நாங்கள் ஒருநாளும் படத்தோடு சேர்த்துப் பார்த்ததில்லை. அங்கே போகவே கூடாது என்று சொல்ல வரவில்லை. காசு கிடைத்தால் இப்பவும் போவோம்! ஆனால் அன்றைக்கு அப்பாயியின் வீட்டை விட்டு வெளியே வரும்போது, கணக்குக்காரன் சொன்னான்: "மச்சான், மலை இஞ்சயும் இருக்கு. தண்ணியும் இருக்கு. வசந்தம் ஒண்டு இருக்கா எண்டு தேடிப் பாப்பமே."

அவன் மே மாதம் கட்டாருக்குப் போகிறான். விசா வந்துவிட்டது. அதனால் அவன் எது சொன்னாலும் இப்போது யாரும் மறுப்பதில்லை.

உட்துறைமுக வீதியில் நின்று மேற்கே பார்த்தவர்களுக்கு நாங்கள் சொல்வது விளங்கும். அது கடல் என்று யாராவது சொல்லித்தான் தெரியவேண்டும். சுற்றிவர மலை. அக்கரையில் சீனன்குடாப் பக்கம் பச்சைத் திட்டுகள், அவற்றின் நடுவே மா ஆலையின் உயரக் கட்டடம். இந்தப் பக்கம் ஒஸ்டன்பேர்க் மலைத்தொடர். துறைமுகத்தின் வாய் எங்கே இருக்கிறது என்று கரையில் நிற்கிறவனுக்குத் தெரியாது. ஒரு மலைமுனை இன்னொன்றை மறைத்துக்கொண்டு நிற்கும். உலகத்தின் ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று சின்ன வயதில் மனப்பாடம் பண்ணினோம். ஒரு மலைநாட்டு ஏரியைப் போல அது இருக்கிறது என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை. காலை ஆறரைக்கு, காற்று விழுந்திருக்கும் நேரத்தில், மலையின் நிழல் தண்ணீரில் தலைகீழாக அப்படியே கிடக்கும். ஒரு வள்ளம் குறுக்கே போனால் மலை இரண்டாக உடைந்து, பிறகு மெல்ல ஒட்டிக்கொள்ளும்.

இந்த அமைதி எப்போதும் கிடைக்காது. அதை எங்களுக்கு விளங்கப்படுத்தியவர் திருக்கடலூர்க் கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு அப்பு. பள்ளிக்கூடத்தில் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆறு பருவம் படித்தோம். இங்கிலிஷ் புத்தகத்தில் நாலு. அப்புவின் கணக்கில் இரண்டே இரண்டு.

"வாடை, கச்சான். அவ்வளவுதான் தம்பி. வாடை ஒக்டோபர், நவம்பரில தொடங்கும், மழையோட. கடல் கறுத்துப்போய்க் கிடக்கும். கச்சான் வைகாசிக்குப் பிறகு தரையில இருந்து அடிக்கும், சூடு. ரெண்டுக்கும் நடுவில கடல் கொஞ்சம் படுத்திருக்கும். அதுதான் நல்ல காலம்."

"எத்தினை நாள் அப்பு?"

"அது என்னட்டயா கேக்கிறாய்? மாசிக் கடைசியில தொடங்கினாலும் தொடங்கும். பங்குனியில வாடை ஒருக்காத் திரும்பிப் பாத்திட்டும் போகும்."

நாங்கள் தேடி வந்த வசந்தம் அதுதான் என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. பெயர் இல்லாத, இரண்டு காற்றுகளுக்கு நடுவில் கிடக்கிற இடைவெளி.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு இடம். முதல் ஞாயிறு சாம்பல்தீவுப் பக்கம் கரைவலை இழுக்கப் போனோம். வாடைக் காலத்தில் இந்தப் பக்கம் கரைவலை போட ஏலாது, அலை விடாது. கடல் அடங்கினதும் வாடிகளில் மறுபடி கிடுகு ஏறும். விடியப்புறம் தோணி வலையை அரைவட்டமாக வளைத்துவிட்டு வந்திருந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். சம்மாட்டி எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பிடிக்கிறதெண்டா ஒழுங்காப் பிடியுங்கோ, செல்பி எடுக்கிறதெண்டா அங்கால போங்கோ" என்றார். பிடித்தோம்.

படங்களில் பார்க்கிற மாதிரி அது கையால் இழுக்கிற வேலை இல்லை. கயிற்றுக்குள் உடம்பைக் கொடுத்துப் பின்னுக்குச் சாய்ந்து, குதியை மணலில் புதைத்து, ஒரு அடி, பிறகு இன்னொரு அடி. கடைசி ஆள் கயிற்றை விட்டுவிட்டு முன்னுக்கு ஓடிப்போய் மறுபடி பிடிக்கவேண்டும். பத்து நிமிடத்தில் எங்கள் உள்ளங்கை சிவந்தது. அரை மணியில் கதை நின்றது. ஒரு கட்டத்தில் பழைய ஆட்கள் அம்பாவை எடுத்தார்கள். ஒருவர் ஒரு அடி சொல்ல, மற்றவர்கள் "ஏலேலோ" என்று வாங்க, அந்தத் தாளத்துக்குத்தான் கால் தானாகப் போகிறது என்று விளங்கியது. எங்களில் பாட்டுக்காரி இதைத் தன் போனில் பதியவேண்டும் என்று துடித்தாள். ஆனால் இரண்டு கையும் கயிற்றில். பதிவு இல்லை.

மடி கரைக்கு வர எட்டரை மணி. உள்ளே கொஞ்சம் சூடை, கொஞ்சம் நெத்தலி, இரண்டு பாரைக் குஞ்சு, ஒரு செருப்பு. இவ்வளவு பேருடைய இவ்வளவு நேர வேலைக்கு இதுதானா என்று எங்கள் முகம் சுருங்கிவிட்டது. தண்டலுக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. "இப்பதானே தொடங்குது. அடுத்த வளைப்பில வரும்" என்றார். போகும்போது எங்களுக்கும் ஒரு பையில் பங்கு போட்டார்கள். வேண்டாம் என்றோம். "கயிறு பிடிச்சவனுக்குப் பங்கு" என்றார் சம்மாட்டி. எங்களில் ஒருவன் வங்கியில் வேலை செய்கிறான். முதல் சம்பளம் எடுத்த நாளில்கூட அவன் அந்தச் சூடைப் பையைப் பிடித்த மாதிரி எதையும் பிடித்ததில்லை.

ஊருக்குள் வசந்தம் வேறு மாதிரி வந்துகொண்டிருந்தது. குயில் விடியச் சாமமே கத்தத் தொடங்கியிருந்தது. வேம்பு பூத்து, காற்று லேசாகக் கசந்தது. அம்மாமார் மரத்தடியில் பழைய சேலையை விரித்துவிட்டு, வேப்பம்பூ வடகத்துக்குப் பூ சேர்த்தார்கள். மாமரங்களில் பிஞ்சு. கோட்டைக்குள் இருந்து புள்ளி மான்கள் வழக்கம்போல வெளியே வந்து, வீதிக்கரைகளில் படுத்திருந்தன. வெளியூர்க்காரர் எங்கள் மான்களைப் பார்த்து வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். நாங்கள் ஹோர்ன் அடிப்போம். இந்த முறை நாங்களும் நிறுத்திப் பார்த்தோம். ஒரு குட்டி தாயின் வயிற்றுக்குக் கீழே முட்டி முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இன்னொரு மான் பொலித்தீன் பையை மென்றுகொண்டிருந்தது. இரண்டையும் பார்த்தோம் என்றுதான் எழுதவேண்டும்.

கோணேசர் மலைக்கும் ஏறினோம். சம்பந்தர் பதிகம் பாடிய கோயில். அதில் பாதி கடல்தான். கீழே செங்குத்தான பாறை, அதற்குக் கீழே நீலம். இங்கே கரைக்குக் கிட்டவே கடலுக்கு அடியில் பெரிய பள்ளத்தாக்கு ஒன்று இருப்பதால் திமிங்கிலங்கள் கரையை நெருங்கி வரும். மார்ச்சுக்குப் பிறகு நிலாவெளி, உப்புவெளியில் இருந்து அவற்றைப் பார்க்கப் படகுகள் போகும். நாங்கள் ஒருமுறையும் போனதில்லை, அந்தக் கட்டணம் எங்களை நினைத்துப் போட்டதில்லை. மலையில் நின்றால் இலவசம். ஒரு மணித்தியாலம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றோம். கணக்குக்காரன் மட்டும் "அந்தா, ஊதுது!" என்று கத்தினான். மற்ற நாலு பேருக்கும் அது அலை. இன்றுவரைக்கும் அவன் விட்டுக்கொடுக்கவில்லை.

மூன்றாவது ஞாயிறுதான் கந்தளாய். மோட்டார் சைக்கிள் மூன்று, ஆட்கள் ஐந்து. தம்பலகாமம் வழியில் பெரும்போக வெட்டு முடிந்து, வயல்கள் வைக்கோல் நிறத்தில் கிடந்தன. கொக்குகள் தாளில் புள்ளி வைத்த மாதிரி. இந்த வயல்களுக்கெல்லாம் தண்ணீர் கந்தளாய்க் குளத்தில் இருந்துதான் வருகிறது. வரலாற்றுப் புத்தகம் அதை 7ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதியின் குளம் என்கிறது. எங்கள் அம்மம்மாமாரைக் கேட்டால் குளக்கோட்டன் கட்டினது, பேரிலேயே குளமும் கோட்டமும் இருக்குத்தானே என்பார்கள். கட்டில் ஏறினால் இந்தச் சண்டை மறந்துபோகும். பங்குனியில் குளம் முட்ட நிறைந்திருந்தது. அக்கரை தெரியாத தண்ணீர், தூரத்தில் நீலமாகக் குன்றுகள், கரையோரம் செத்த மரங்களில் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு. கிரகரி வாவி இதற்குள் எத்தனை தரம் போகும் என்று கணக்குக்காரன் கணக்குப் போடத் தொடங்கினான். நிறுத்தச் சொன்னோம்.

கட்டில் ஒரு வயதான ஐயா சைக்கிளை நிறுத்திவைத்துத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். சிங்களவர், எங்களைவிட நல்லாத் தமிழ் கதைத்தார். "நல்லா நிறைஞ்சிருக்கு ஐயா" என்றோம். அவர் தண்ணீரைப் பார்த்தபடியே, "நிறைஞ்சா எனக்குப் பயம்" என்றார். மேலே ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

1986 ஏப்ரல் 20, விடியச் சாமம் மூன்று மணியளவில் இந்தக் கட்டு உடைந்தது. சித்திரைப் புதுவருடம் பிறந்து ஆறு நாள். 120 பேருக்கு மேல் தூக்கத்திலேயே போனார்கள். குளத்தில் இருந்து தண்ணீர் எடுக்கும் வேலைக்காகப் பாரமான வாகனங்களும் இயந்திரங்களும் கட்டின்மேல் போய் வந்ததுதான் காரணம் என்று பேசப்பட்டது. நாங்கள் பிறக்க முந்திய கதை. ஆனால் எங்கள் ஊரில் பழைய ஆட்கள் "கந்தளாய் உடைச்ச வருசம்" என்று ஒரு வருடத்தையே குறிப்பார்கள். பிள்ளைகளின் வயதைக்கூட அதை வைத்துச் சொல்வார்கள்.

திரும்பி வரும்போது வீதியோரக் கடையில் எருமைத் தயிர் வாங்கி, சட்டியோடு நடுவில் வைத்துச் சாப்பிட்டோம். அங்கேதான் பாட்டுக்காரி ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தாள். எங்களுக்கு நடந்தவற்றில் கனக்க இந்த நல்ல காலத்தில்தான் நடந்திருக்கிறது. கோணேசர் கோயிலைப் போர்த்துக்கீசர் இடித்தது 1622இல், வருடப்பிறப்பன்று என்றுதான் இங்கே சொல்லுவார்கள். அந்தக் கல்லில்தான் பிறகு கோட்டை எழும்பியது. யப்பான் விமானங்கள் துறைமுகத்தில் குண்டு போட்டது 1942 ஏப்ரல் 9. சீனன்குடா எண்ணெய்க் குதங்களைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் அந்த நாளும் சேர்ந்து வரும். பிறகு கந்தளாய். "கடல் படுத்திருந்தா மீனுக்குப் போறவனுக்கும் லேசு, படையெடுத்து வாறவனுக்கும் லேசு" என்றான் வங்கிக்காரன். அவன் சொன்னது கந்தளாய்க்குப் பொருந்தாது என்று உடனே சண்டை தொடங்கியது. தயிர் முடியும்வரை நடந்தது.

பின்னேரங்களில் டச்சுக்குடாக் கடற்கரைதான். மாசி வரைக்கும் அலை மணலைத் தின்றுகொண்டிருந்த இடத்தில் இப்போது சின்னப் பிள்ளைகள் முழங்கால் தண்ணீரில் நிற்கிறார்கள். குடும்பங்கள் பாய் விரித்து இருக்கிறார்கள். கச்சான் வண்டிக்காரர் சுடச்சுடக் கச்சானைக் கடதாசிச் சுருளில் சுற்றித் தருகிறார். காற்றுக்கும் கச்சான், கடலைக்கும் கச்சான். ஏன் என்று எங்களுக்குத் தெரியாது. "காத்துக் கச்சான் வரமுந்திக் கடலைக் கச்சானைச் சாப்பிட்டு முடிப்பம்" என்பது எங்கள் குழுவின் பழைய பகிடி.

ஏழு மணி ஆனால் எங்கள் போன்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கும். "எங்க நிக்கிறாய்?" "பீச்சில அம்மா." "ஆரோட?" "எங்கட ஆக்களோடதான்." "காணும், வா." எங்களுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எங்களுக்குச் சிரிப்பு வருவதில்லை. 2006 ஜனவரி 2ஆம் திகதி பின்னேரம், இதே கடற்கரையில், காந்தி சிலைக்குக் கிட்ட இருந்து கதைத்துக்கொண்டிருந்த ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். இருபது வயதை ஒட்டியவர்கள். குற்றம் சாட்டப்பட்டிருந்த 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டார்கள். அப்போது நாங்கள் சின்னப் பிள்ளைகள். அன்று இரவு வீட்டுக் கதவுகள் சாத்தப்பட்ட சத்தம் எங்களில் இரண்டு பேருக்கு நினைவிருக்கிறது. நாங்களும் ஐந்து பேர்தான். அதை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதில்லை. அம்மா கூப்பிட்டால் எழும்பிப் போவோம், அவ்வளவுதான். ஆனால் அடுத்த நாளும் வருவோம். இந்த இடத்தில் இருந்து கச்சான் கொறிப்பதை நாங்கள் விட்டுவிடப் போவதில்லை.

ஏப்ரல் 12ஆம் திகதி மத்தியானம், கடைசியாக ஒரு வேலை மிச்சமிருந்தது. ஒவ்வொரு ஏப்ரலிலும் சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் போகும் நாட்களை வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கும். தெற்கில் இருந்து ஒவ்வொரு ஊராக நகர்ந்து, வருடப்பிறப்பை ஒட்டி எங்கள் தலைக்கு மேல் வரும். எங்கள் ஒழுங்கையில் ஒரு வெறும் சோடாப் போத்தலை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சுற்றிக் குந்தியிருந்தோம். பன்னிரண்டைத் தாண்டிச் சில நிமிடம். போத்தலின் நிழல் சுருங்கிச் சுருங்கி, அடியில் ஒரு கறுப்பு வளையமாகி, பிறகு இல்லாமலே போனது. எங்கள் நிழலும் இல்லை. சந்தேகத்துக்கு எழும்பி நின்றும் பார்த்தோம். காலடியில் ஒரு பிடி இருட்டு, அவ்வளவுதான். பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்த அம்மா யன்னலால் எட்டிப் பார்த்து, "உச்சி வெயிலுக்க நிண்டு என்னத்தத் தேடுறியள்? உள்ளுக்க வாங்கோ" என்று சத்தம் போட்டா. கணக்குக்காரன் கடைசியாகத்தான் உள்ளே வந்தான். நிழல் மறுபடி எந்தப் பக்கம் விழத் தொடங்குகிறது என்று பார்க்கவேண்டுமாம்.

மே நடுவில் அவனைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். அதற்கு மூன்றாம் நாள், மத்தியானம் சாப்பாட்டு நேரம், மேற்கே இருந்து ஒரு சூட்டுக் காற்று வந்து அப்பாயி வீட்டுத் தகரத்தைத் தட்டியது. முற்றத்தில் காயப்போட்டிருந்த துணி வேலிக்குப் போனது. வேப்பஞ்சருகு எல்லாம் ஒரு பக்கமாக ஓடியது. "ஆரம்பிச்சிருச்சு" என்றார் அப்பாயி.

அன்று இரவு டோகாவில் இருந்து குழுவுக்கு ஒரு செய்தி: "கச்சான் எழும்பிட்டா?"

எழுத்தில் ஒன்றும் அனுப்பவில்லை. போனை யன்னலடியில் வைத்து, தகரம் அடிக்கிற சத்தத்தை ஒரு நிமிடத்துக்குப் பதிந்து அனுப்பினோம்.